கைசரின் இதயத்தில் இருந்த புழுக்கள்

கைசர் முதன்முதலாக இருமியபோது தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கும் என்றுதான் நினைத்தோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கோழி. என் வீட்டுக்காரர் அவன் வாயைப் பிளந்து, டார்ச் அடித்து, விரல் விட்டுத் துழாவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கைசர் கடிக்காமல், கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். அப்புறம் வாலை ஆட்டிக்கொண்டே போய்ப் படுத்துவிட்டான். நாங்களும் மறந்துவிட்டோம்.

ஒரு நாயின் சீக்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கடைக்கு வருகிற ஒருவர் என்னிடம் கேட்டார். எங்கள் பக்கத்தில் நாயோ பூனையோ இல்லாத வீடு குறைவு. அந்த வீடுகளில் யாருக்கும் இந்த நோயைப் பற்றித் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. தெரிந்தபோது நேரம் கடந்திருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு தக்கலையிலிருந்து குலசேகரம் போகிற வழியில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நான் தக்கலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன். என் வீட்டுக்காரர் ஜஸ்டினுக்கு ரப்பர் வெட்டு. மரப்பட்டையைச் சீவிவிட்டு, கீழே கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் பால் வடியவிடும் வேலை. வீட்டுக்குப் பின்னால் மேடாக ஏறிப் போகிற விளையில், அதாவது தோப்பில், எங்களுக்குக் கொஞ்சம் மரம் உண்டு. பக்கத்து விளைகளிலும் கூலிக்கு வெட்டுவார். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். கைசர் முன்னால் ஓடுவான். பிள்ளைகள் இல்லாத வீடு எங்களுடையது. கைசரும், குஞ்ஞி என்கிற ஒரு வெள்ளைப் பூனையும்தான். அவர் அதிகம் பேசாத ஆள். என்னிடம் ஒரு மாதத்தில் பேசுகிறதைக் கைசரிடம் ஒரு வெட்டு முடிவதற்குள் பேசிவிடுவார் என்று நான் கேலி செய்வது உண்டு.

ரப்பர் விளையில் கொசு எப்படி இருக்கும் என்று அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும். மழை பெய்தால் ஒவ்வொரு சிரட்டையிலும் தண்ணீர். ஒவ்வொரு தண்ணீரிலும் கொசுக்குஞ்சு. அவர் முழுக்கைச் சட்டை போட்டு, காதைத் துண்டால் மூடிக்கொண்டு வெட்டுவார். கைசருக்கு என்ன சட்டை? மரத்தடியில் படுத்துக்கொண்டு காதை மட்டும் ஆட்டுவான்.

இருமல் நின்று நின்று வந்தது. மேடு ஏறினால் அதிகம். பிறகு, முன்னால் ஓடுகிறவன் பின்னால் வர ஆரம்பித்தான். பாதி வழியில் உட்கார்ந்துவிடுவான். விலா எலும்பு தெரிந்தது, ஆனால் வயிறு மட்டும் ஊதியது. வயிற்றுப் பூச்சியாக இருக்கும் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். நாங்கள் அவனை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம். வெறிநாய்க்கடிக்கு உள்ள ஊசி வருடம் தவறியதில்லை. பூச்சி மாத்திரையும் தவறியதில்லை.

ஒருநாள் நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவர் கைசரை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். வெட்டுக்கத்தி எங்கேயோ விழுந்து கிடந்தது.

"ஏட்டி, இவன் விழுந்துட்டான். ஒரு அணிலுக்குப் பின்னால ரெண்டு எட்டு சாடினான், அவ்வளவுதான். கண்ணு மேல போச்சு. செத்துட்டான்னே நெனச்சேன்."

கைசர் அதற்குள் கண் திறந்திருந்தான். ஈறு வெளிறிச் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

பக்கத்தில் இருக்கிற கால்நடை டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "இது இருமல் மருந்துல தீர்ற காரியம் இல்ல. ஸ்கேன் உள்ள இடத்துக்குக் கொண்டு போங்க" என்று சொல்லி, நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியைச் சொன்னார். ஆட்டோ பிடித்துப் போனோம். கைசர் அவர் மடியில் கிடந்தான். வழி முழுக்க அவர் கை அவன் நெஞ்சின் மேலேயே இருந்தது.

மிருக ஆஸ்பத்திரி என்றால் ஒரு ஊசி போட்டு அனுப்புகிற இடம் என்றுதான் அதுவரை எனக்கு எண்ணம். அங்கே மனிதர்களுக்கு உள்ள எல்லாம் இருந்தது. வரிசை, டோக்கன், நெஞ்சு எக்ஸ்ரே, காத்திருக்கும் பெஞ்சு, அந்தப் பெஞ்சில் உட்காருகிறவர்களின் முகம். டாக்டர் இளம் வயதுப் பெண். முதலில் காலில் ரத்தம் எடுத்தார். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டு, "அண்ணே, நீங்களும் பாருங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். உடனே தலையை எடுத்துவிட்டார்.

"நெளியுது" என்றார்.

நானும் பார்த்தேன். ரத்த அணுக்களுக்கு நடுவே நூல் துணுக்குகள் மாதிரி என்னவோ துடித்துத் துடித்து மற்றதையெல்லாம் தள்ளிக்கொண்டிருந்தது. அவை புழுக்குஞ்சுகள் என்றார் டாக்டர். தாய்ப்புழு உள்ளே இருக்கிறது. அதை உறுதிசெய்ய இன்னொரு சோதனை, கொரோனா காலத்தில் மூக்கில் எடுத்தார்களே, அந்த மாதிரி ஒரு சின்ன அட்டை. பிறகு இதயத்தை ஸ்கேன் பண்ணினார்கள். கைசரின் நெஞ்சில் ஒரு பக்கம் மயிரைச் சிரைத்து, பசை தடவி, கருவியை வைத்தபோது திரையில் இதயம் அடிப்பது தெரிந்தது. அதன் வலது பக்கத்திலும், அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிற பெரிய குழாயிலும் சின்னச் சின்ன இரட்டைக் கோடுகள் மின்னின. கணக்கில் போடுகிற சமக்குறி மாதிரி. இதயம் அடிக்கும்போதெல்லாம் அவை ஆடின.

"ஒவ்வொரு ரெட்டைக் கோடும் ஒரு புழு. விரிச்ச கை ஒரு சாண் இருக்குமில்லியா, அதைவிட நீளமாக்கூட வளரும்" என்றார் டாக்டர்.

"எங்க இருந்து டாக்டரே வந்துது?" என்று அவர் கேட்டார்.

"கொசு. சீக்குள்ள நாயைக் கடிச்ச கொசு இந்தக் குஞ்சையும் சேர்த்துக் குடிக்கும். கொஞ்ச நாள் கழிச்சு வேற நாயைக் கடிக்கையில உள்ள விட்டுரும். அது தோலுக்கடியில வளர்ந்து, ரத்தத்துல ஏறி, இதயத்துக்குப் போய்ச் சேர்ந்து, குஞ்சு போடுற அளவுக்கு ஆக ஆறு ஏழு மாசம் ஆகும். அதுவரைக்கும் வெளிய ஒண்ணும் தெரியாது. பிறகு வருசக்கணக்கா அங்கேயே இருக்கும்."

"நாங்க பூச்சி மாத்திரை ஒழுங்காக் குடுத்தோமே" என்றேன்.

"அது குடல்ல இருக்கிற புழுவுக்கு அக்கா. ரத்தத்துல இருக்கிறத ஒண்ணும் செய்யாது. இதுக்குன்னு தனியா மாசத்துக்கு ஒருதடவை குடுக்கிற மருந்து இருக்கு. மாத்திரையா உண்டு, பிடரியில சொட்டு விடுற மாதிரியும் உண்டு. அது கொசுவைத் தடுக்காது. கொசு உள்ள விட்ட குஞ்சை, வளர விடாம அந்தந்த மாசமே கொன்னுரும்."

அப்படி ஒன்று இருக்கிறது என்பதை அன்றுதான் கேள்விப்பட்டோம். அவர் டாக்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமா வருத்தமா என்று எனக்கே பிடிபடவில்லை.

வயிற்றில் நீர் கட்டியிருந்ததால் கைசரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். இதயம் தள்ளமுடியாத ரத்தம் பின்வாங்கி, அதிலிருந்து கசிகிற நீர்தான் வயிற்றில் சேர்கிறது என்றார் டாக்டர். ஊசியால் நீரை இறக்கினார்கள். கம்பிக் கூண்டுக்குள் முன்காலில் டிரிப்ஸோடு கிடந்தான். பெரிய புழுவை நேரடியாகக் கொல்லுகிற ஊசி நம் பக்கத்தில் லேசில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் இவன் இப்போது தாங்கமாட்டான் என்றார்கள். அதனால் சுற்றுவழி. புழுவுக்குள் ஒரு நுண்கிருமி குடியிருக்குமாம். அந்தக் கிருமியைக் கொன்றால் புழு நலிந்துபோகும். அதற்கு மனிதர்கள் சாப்பிடுகிற ஆன்டிபயாட்டிக் மாத்திரையே போதும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வடசேரியில் சாதாரண மருந்துக்கடையில் அவர் வாங்கி வந்தார். கூடவே அந்த மாதாந்திர மருந்து, நுரையீரல் வீக்கத்துக்கு வேறு மாத்திரை. புழுக்கள் பையப்பையச் சாகும்.

"சாகிற புழு எங்க போகும்?" என்று அவர் கேட்டார்.

டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். "வெளிய வர வழி இல்ல அண்ணே. துண்டு துண்டா நுரையீரல் குழாய்க்குள்ள போய்த்தான் கரையணும். அந்த நேரத்துல ஓடினா, சாடினா, ரத்தம் வேகமாப் பாஞ்சு குழாயை அடைச்சுரும். அதான் பயம். மாசக்கணக்கா இவனை அசையாம வைக்கணும்."

நான் கடைக்கு லீவு சொன்னேன். முதலாளியம்மா சரி என்றார்; மதியம் அவர்கள் வீட்டிலிருந்து சோற்றுப்பொதி கட்டி ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிட்டார்கள். பெஞ்சில் எங்கள் பக்கத்தில் மணவாளக்குறிச்சி கடற்கரையிலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். பெயர் பிலோமினா. மீன் வியாபாரம். மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதற்குள் துண்டு விரித்து ஒரு சாம்பல் பூனை.

"இருமுது மக்கா. இருமிட்டு வாந்தி எடுக்குது. மீன்முள்ளு குத்தியிருக்கும்னு நெனச்சேன். பிறகு ஆஸ்துமான்னாவ. உனக்க நாய்க்கு என்ன?"

நான் சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவருடைய டோக்கன் வருமுன்னே கூடைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பூனை கத்துகிற சத்தமாகவே இல்லை. துண்டை விலக்கிப் பார்த்தால் பூனை காலை நீட்டி விறைத்துக் கிடந்தது, வாய் திறந்திருந்தது. டாக்டர் ஓடிவந்தார். மேசையில் வைத்து நெஞ்சை அமுக்கினார்கள், ஊசி போட்டார்கள். முடிந்துவிட்டது.

பூனைக்கும் இதே புழு வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நாய்க்கு உள்ள மாதிரி கூட்டமாக இருக்காது. ஒன்றோ இரண்டோ. ஆனால் அந்த ஒன்றே போதும். சோதனையிலும் பல நேரம் சிக்காது, ஆஸ்துமா மாதிரிதான் இருக்கும். பெரிய புழுவைக் கொல்ல பூனைக்கு மருந்தே இல்லை. வராமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

"இதுக்கும் அதுதானா?" என்று பிலோமினா அம்மா கேட்டார்.

"அப்படித்தான் சந்தேகம். திறந்து பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"திறக்க வேண்டாம் மோளே. அது அப்படியே இருக்கட்டும்."

கூடையைத் துண்டால் மூடிக்கொண்டு எழுந்தார். என் வீட்டுக்காரர் கூடையை வாங்கிக்கொண்டு வடசேரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போய், பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். அன்று வீட்டுக்குப் போனதும் நான் செய்த முதல் காரியம் குஞ்ஞியைத் தேடிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டதுதான்.

கைசர் வீட்டுக்கு வந்தான். ரப்பர் ஷீட் உலர்த்துகிற கொட்டகையில் ஒரு மூலையைப் பலகையால் அடைத்து என் வீட்டுக்காரர் அவனுக்கு இடம் செய்தார். எங்கள் கட்டிலில் கிடந்த கொசுவலையை அவிழ்த்து அங்கே கட்டினார். அவனைக் கடிக்கிற கொசு அடுத்த நாயிடம் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளிக்குப் போவதற்கும் கயிற்றில் பிடித்து நாலடி கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்துவிடுவார். விடியக்காலம் அவர் கத்தியை எடுக்கிற சத்தம் கேட்டதும் கைசர் எழுந்து நின்று பலகையில் மூக்கை வைத்து முனங்குவான். அவர் திரும்பிப் பார்க்காமல் மேடு ஏறுவார். மழை பெய்த மறுநாள் வெட்டு இல்லாவிட்டாலும் விளைக்குப் போய் ஒவ்வொரு சிரட்டையாகத் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைப்பார்.

பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா ஒருநாள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டார். "மக்கா, அந்தச் சவத்த எங்கயாவது கொண்டு விட்டுப்போட்டா என்ன? வடசேரிச் சந்தைப் பக்கம் விட்டா எறைச்சித் துண்டு கிடைக்கும், அதுபாட்டுக்கு கிடக்கும். இங்க எனக்க பேரப்பிள்ளைய ஓடிச்சாடுதுவ. அதுவளுக்கு ஒட்டிச்சுன்னா?"

"தொட்டா ஒட்டாது அக்கா. கொசு வழியாத்தான் வரும். மனுசனுக்குள்ள எப்பவாவது போனாலும் அதுக்கு அங்க வளர முடியாதாம்" என்றேன்.

"உனக்கு டாக்டருமாரு சொன்னதெல்லாம் பாடமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் கொட்டகைக்குள்ளிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அடுத்த மழைக்குப் புஷ்பம் அக்காவின் விளையிலும் போய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்துவிட்டு வந்தார். யாரும் சொல்லவில்லை.

கைசர் தேறினான். வயிறு வடிந்தது, இருமல் குறைந்தது. புட்டும் சாளைமீன் தலையும் பிசைந்து வைத்தால் தட்டை நக்கிவிட்டு இன்னும் கேட்டான். டாக்டர் நெஞ்சைக் கேட்டுவிட்டு, "நல்லா வருது" என்றார். திரும்பி வருகிற ஆட்டோவில் என் வீட்டுக்காரர் டிரைவரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நான் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்தது.

அதற்குப் பிறகு ஒரு காலை. ஓடவில்லை, சாடவில்லை. படுத்துக் கிடந்தவன் எழுந்து இருமினான். அவனுக்கு விரித்திருந்த துண்டு முழுக்க ரத்தம். மூச்சு விலாவில் அடித்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். நாக்கு நீலமாக இருந்தது. கண் மட்டும் அவர் போகிற பக்கமெல்லாம் போனது.

டாக்டர் எங்களை வெளியே கூட்டிவந்து சொன்னார். "மருந்து வேலை செய்திருக்கு. புழு செத்திருக்கு. செத்ததுதான் கூட்டமா அடைச்சிருக்கு."

"அப்போ நல்லது நடந்ததாலயா இவன் சாகப்போறான்?" என்று அவர் கேட்டார்.

டாக்டர் ஆக்சிஜனைப் பார்க்க உள்ளே போனார்.

மத்தியானம் முடியுமுன் கைசர் போய்விட்டான். அவர் அவன் தலையைக் கையில் ஏந்திக்கொண்டு, குனிந்து, காதுப்பக்கம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் விரும்பவில்லை. எல்லாம் முடிந்த பிறகு எழுந்து நின்று, "நான் எதுவும் தப்பாச் செஞ்சனா டாக்டரே?" என்றார்.

"இல்ல அண்ணே. நீங்க செஞ்சதெல்லாம் சரிதான். ஆரம்பிச்சதுதான் லேட்டு."

விளையில் மேட்டின் உச்சியில் குழி வெட்டினார். என்னை மண்வெட்டியைத் தொட விடவில்லை. சில நாள் வெட்டுக்குப் போகவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். சபையில் பாட்டு நேரத்தில் வாயைத் திறக்காமல் நின்றார். போதகர் வந்து ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டார். "நாய்க்குத்தானே ஐயா, எதுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒருநாள் நான் கடையிலிருந்து வந்தபோது அவர் புஷ்பம் அக்கா வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர்களுக்கும் ஒரு நாய் உண்டு. மணி, செவலை நிறம், வயது இரண்டு இருக்கும்.

"அக்கா, இவனுக்கு ஒருக்க ரத்தம் பாக்கணும்."

"இதுக்கு என்ன கேடு? சாடிச்சாடி நடக்குதே."

"கைசரும் போன வருசம் இப்படித்தான் நின்னான்."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்துக் கையில் கொடுத்தார். நாங்கள் எல்லாருமாக ஆட்டோவில் போனோம். மணிக்கும் இருந்தது. ஸ்கேனில் கைசருக்கு இருந்த மாதிரி இல்லை. சிலதுதான் தெரிந்தது, இதயமும் வீங்கவில்லை. இப்போதே பிடித்ததால் தப்பிக்க நல்ல வழி உண்டு, ஆனால் பாதை அதேதான் என்றார் டாக்டர். அதே மாத்திரை, அதே மாதக்கணக்கு, அதே பயம்.

புஷ்பம் அக்கா பெஞ்சில் இருந்து சேலைத் தலைப்பைப் பிசைந்தார். "உங்க நாயக் கொண்டு விடச் சொன்னேனே தம்பி" என்றார்.

"அது போகட்டும் அக்கா" என்றார் இவர்.

அன்று டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறேன். நாய்க்கு முதலில் ரத்தம் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ரத்தத்தில் குஞ்சு நிறைய இருக்கிற நாய்க்குப் பார்க்காமல் மருந்து கொடுத்தால் அதுவே ஆபத்தாகலாம். இல்லை என்று தெரிந்தால் மாதம் ஒருதடவை, மழையோ வெயிலோ, வருடம் முழுக்க. நம் ஊரில் கொசு இல்லாத மாதம் கிடையாது. பால்குடி மறக்கிற பருவத்திலேயே குட்டிக்குத் தொடங்கலாம். எடை பார்த்துத்தான் அளவு. மாட்டுக்குப் போடுகிற ஊசியில் கொஞ்சம் போட்டால் போதும் என்று எங்கள் பக்கம் சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்து செத்த நாய்களைத் தான் பார்த்திருப்பதாக டாக்டர் சொன்னார். வீட்டைவிட்டு இறங்காத பூனைக்கும் மருந்து வேண்டும், கொசு வீட்டுக்குள் வரும். குஞ்ஞிக்கு இப்போது மாதா மாதம் பிடரியில் சொட்டு விடுகிறேன். பாட்டிலைக் கண்டாலே அலமாரிக்கு மேலே ஏறிவிடுகிறது.

நான் இதை எழுதுகிற இந்த நேரத்தில் மணிக்குப் பாதி வைத்தியம் முடிந்திருக்கிறது. இளநாய், கட்டிப்போட்டால் கயிற்றைக் கடிக்கிறான், கூண்டில் அடைத்தால் கம்பியில் மோதுகிறான். யாராவது பக்கத்தில் இருந்தால்தான் அடங்கிக் கிடக்கிறான். அதனால் ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடித்து முடிந்ததும் என் வீட்டுக்காரர் அங்கே போய்விடுவார். தரையில் சாக்கு விரித்து, மணியின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வெயில் தாழும் வரைக்கும் இருப்பார். பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கம் பந்து விளையாடக் கூடாது என்று அக்காவே சட்டம் போட்டிருக்கிறார்.

நேற்று நான் போனபோது அக்கா இவருக்குப் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தார். மணி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒருதடவை இருமினான். மூன்று பேரும் அசையாமல் இருந்தோம். அவன் மறுபடி இருமவில்லை.

"இது பொழைச்சுக்கிடுமா தம்பி?" என்று அக்கா மெல்லக் கேட்டார்.

இவர் சாயாவை எடுக்கவில்லை.

"தெரியாது அக்கா. இவன் ஓடப்படாது, அவ்வளவுதான்."